இடது காதுக்கு வேறு சுருதி

பல்செட் அண்ணனை அந்த ஊரில் இரண்டு தரப்பு ஆட்களுக்குத் தெரியும். ஒன்று, பல் போனவர்கள். இன்னொன்று, ரேடியோ கேட்பவர்கள். இரண்டு தரப்பிலும் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் என்று கணக்கெடுத்தால் பத்து விரல் அதிகம்.

பல் போனவர்கள் பார்க்காததற்குக் காரணம் உண்டு. பல் மருத்துவமனையின் முன்பக்கம் டாக்டரம்மா இருப்பார். வாய்க்குள் அச்சு எடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, பின்னால் அனுப்பிவிடுவார். பின்னால் ஒரு நீளமான அறை, ஒரே ஒரு ஜன்னல். அங்கேதான் இவர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவார், மெழுகில் ஈறு கட்டுவார், பல் அடுக்குவார், வேகவைத்து எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். முப்பத்தோரு வருடம். மேசையின் இடது ஓரத்தில் தேய்க்கிற மோட்டார், வலது ஓரத்தில் ரேடியோ. மோட்டார் போட்டால் பாட்டு கேட்காது என்பதால் ரேடியோவை முழுசாகத் திருகி வைத்திருப்பார். டாக்டரம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்து, "அண்ணே, பேஷண்ட் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி காதப் பொத்திக்கிறாரு" என்பார். இவர் ஒரு சுற்று குறைப்பார். அவர் கதவைச் சாத்தியதும் மறுபடி ஒரு சுற்று கூட்டுவார்.

ரேடியோ கேட்பவர்களுக்கு அவரைத் தெரிந்தது கடிதங்கள் வழியாக. சனிக்கிழமை நண்பகலில் நேயர் கடிதம் படிக்கிற அறிவிப்பாளர் அம்மா, இவர் கடிதம் வந்தால் மட்டும் கொஞ்சம் குரல் தாழ்த்தி, "நம்ம பல்செட் அண்ணன் எழுதியிருக்காரு" என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் எல்லாம் 'நிகழ்ச்சி அருமை, எங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் பிடித்த பாடல்' என்று எழுதுகிற இடத்தில் இவர், 'இரண்டாவது சரணத்துக்குப் போகிற வழியில் தபலாக்காரர் ஒரு தட்டு வேண்டுமென்றே விட்டுவிடுகிறார், அந்த இடத்தில் பாடகி சிரிக்கிறமாதிரி இருக்கிறது, கவனித்தீர்களா' என்று எழுதுவார். அந்தப் பாட்டை நாற்பது வருடமாகக் கேட்டவர்கள்கூட அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்கள்.

அவருக்குப் பாட வராது. சுத்தமாக வராது. கல்யாணமான புதிதில் ஒருதரம் குளியலறையில் பாடியதற்கு, "கால் வழுக்கிருச்சா?" என்று மனைவி ஓடிவந்தாள். அதோடு சரி. கேட்பது மட்டும்தான் அவருக்கு வாய்த்தது. அதைக் குறைச்சல் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பாடுகிறவர்கள் எல்லோரும் பாடிக்கொண்டே இருந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

அவர் கடிதங்களைக் கேட்டு, ரேடியோ நிலையத்தில் முகவரி வாங்கி, தேடிவந்து நண்பரானவர் ஒருவர் உண்டு. பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதிய நிகழ்ச்சி முடிந்ததும் சரியாக ஒன்றரைக்குப் போன் பண்ணுவார். "அண்ணே, இன்னைக்கு மூணாவது பாட்டு போட்டான் பாத்தீங்களா" என்று தொடங்கினால் பத்து நிமிடம் போகும். அதில் குடும்பக் கதை, உடம்புக் கதை எதுவும் வராது. பதினான்கு வருடப் பழக்கத்தில் கண்டக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று இவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டில் கண்டக்டர் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுவார் என்று தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிப் பாட்டில் அது தொடங்கியது. அவருக்கு மனப்பாடமான பாட்டு. பாடகி பல்லவியை எடுத்தாள். எடுத்த இடத்திலேயே சுருதி விலகியிருந்தது. ஒருத்தி பாட, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னொருத்தி அரைக்கால் இடம் ஏற்றிப் பாடுகிறமாதிரி. சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இவ இப்படிப் பாடுறா?"

"எவ?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ரேடியோவுல."

"வேற எவளையோ சொல்றீங்களோன்னு பயந்துட்டேன்."

பேட்டரியை மாற்றிப் பார்த்தார். ஏரியலை நீட்டினார், மடக்கினார், ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். வேலைக்குப் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர் கடையில் இறங்கினார். கடைக்காரர் பிரித்துப் பார்த்தார், தூசி ஊதினார், கடையில் இருந்த வேறு இரண்டு ரேடியோவையும் அதே ஸ்டேஷனில் வைத்துக் காட்டினார். மூன்றும் ஒரேமாதிரி கோணலாகப் பாடின.

"அண்ணே, ரேடியோ கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப ஸ்டேஷன்லதான் கோளாறு."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார். காசு வாங்கவில்லை.

ஒன்றரைக்கு வந்த போனில் இவரே முந்திக்கொண்டார். "டேப் வேகத்துல ஏதோ வில்லங்கம். எல்லாப் பாட்டும் இழுத்துக்கிட்டுப் போகுது. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லா கேட்டுப் பாருங்க."

"நல்லாத்தான் கேட்டேன் அண்ணே."

"பஸ்ஸு சத்தத்துல முப்பது வருசம் இருந்த காது. உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

கண்டக்டர், "சரி அண்ணே, சோறு ஆறுது" என்று வைத்துவிட்டார். ஆறு நாள் போன் வரவில்லை.

இவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் கேட்கிற ரேடியோவில் இப்படி ஓர் அநியாயம் நடக்கிறது, எவரும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். எந்தத் தேதி, எந்தப் பாட்டு, எந்த வரியில் எவ்வளவு விலகல் என்று பட்டியலே போட்டார். கடைசியில், 'இசையை மதிக்காதவர்கள் கையில் கருவிகள் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன' என்று ஒரு வரியையும் சேர்த்தார்.

சனிக்கிழமை அறிவிப்பாளர் அம்மா அதைப் படித்தார். முழுசாகப் படிக்கவில்லை, கடைசி வரியை விட்டுவிட்டார். "நம்ம பல்செட் அண்ணன் சொல்லிட்டாருன்னு பொறியாளருங்க எல்லாத்தையும் ரெண்டு தடவை சரிபார்த்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு. மத்த நேயர்கள் யாருக்காச்சும் அப்படிக் கேட்டுச்சுன்னா எழுதுங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் இவர் தாங்கியிருப்பார். அது, வயசான சொந்தக்காரரிடம் பேசுகிறபோது வருகிற குரல். இவர் கையில் வைத்திருந்த கீழ்த்தாடைப் பல்செட்டை மேசையில் வைத்துவிட்டு, ரேடியோவை நிறுத்தினார். வேலை நேரத்தில் அவர் ரேடியோவை நிறுத்தியதை டாக்டரம்மா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ரெண்டு மாசமா நான் இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறீங்க."

காது டாக்டர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இவர் பரீட்சைக்குப் படித்த பையன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, கேட்காததையும் கேட்டதுபோல நினைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு டாக்டர், சுருதி சோதிக்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி இடது காதருகே வைத்தார், அப்புறம் வலது காதருகே.

"ரெண்டும் ஒரே சத்தமா?"

"இல்ல. இது கொஞ்சம் மேல. ரெண்டு கவை வச்சிருக்கீங்களா?"

டாக்டர் கையைத் திறந்து காட்டினார். ஒன்றுதான்.

"காதுக்குள்ள நரம்பு தேஞ்சுபோச்சு. வருசக்கணக்கா மோட்டார் சத்தம் இடது பக்கமாவே விழுந்திருக்கு. வலது காதுக்கு ஒரு சுருதி கேக்குது, இடது காதுக்கு வேற சுருதி. பேச்சுக்குப் பெருசா தெரியாது. பாட்டுக்குத்தான் தெரியும்."

"மருந்து?"

"இதுக்கு இல்ல."

"ஆபரேஷன்?"

டாக்டர் அதற்கும் இல்லை என்று தலையாட்டினார். கூட வந்திருந்த மனைவி, "பேச்சு நல்லா கேக்கும்ல? அது போதும்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள், பாவம். வீடு வரும்வரை இவர் அவளோடு பேசவில்லை.

மறுநாள் கண்டக்டருக்கு இவரே போன் பண்ணினார். "ரேடியோ சரியாத்தான் இருக்காம். நான்தான் ரிப்பேராம்" என்றார். "நீங்க சொன்னப்புறம் எனக்கும் ஒரு பாட்டு கொஞ்சம் விலகினமாதிரிதான் இருந்துச்சு அண்ணே" என்று கண்டக்டர் ஒரு பொய் சொன்னார். இவர் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் கொஞ்சம் நல்ல காலம். பல்லுக்கு ஈறு கட்டுகிற மெழுகை உருட்டி இடது காதை அடைத்துக்கொண்டால், வலது காதில் பாட்டு பழையபடி நேராக வந்தது. அடைத்துக் கேட்ட முதல் நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு முழுசாக ஆறு பாட்டு கேட்டார். மேசையில் மூன்று அச்சுகள் காய்ந்து கிடந்தன. டாக்டரம்மா வந்து பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். மோட்டார் போடும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளப் பழகினார். முப்பத்தோரு வருடம் முன்னாலேயே இந்த மெழுகு இதே மேசையில்தான் கிடந்தது என்ற நினைப்பு வரும். வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

ஐந்தாவது மாதம் வலது காதும் போயிற்று. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் புல்லாங்குழல் மெலிந்தது. அப்புறம் வயலின் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலானது. பிறகு பாடகிகள், கடைசியாகப் பாடகர்கள். ஒரு குடும்பம் ஒவ்வொருத்தராக வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிறமாதிரி இருந்தது. தாளம் மட்டும் நின்றது. தபலா, மிருதங்கம், டிரம்ஸ் எல்லாம் தகரத்தில் தட்டுகிறமாதிரி கேட்டாலும், எண்ணிக்கை தப்பாமல் கேட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்து காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். மாட்டியதும் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, எதிர்வீட்டு நாற்காலி இழுபடுவது கேட்டது, மகள் அடுத்த அறையில் போனில் கிசுகிசுத்தது கேட்டது. "அப்பா, இப்பப் பாட்டு கேட்டுப் பாருங்க" என்று ஆசையாக ரேடியோவைப் போட்டாள். கிணற்றுக்குள் தகரத்தை இழுத்தமாதிரி ஒரு சத்தம். இவர் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "என்ன பாட்டும்மா இது?" என்று கேட்டார். மகள் பெயரைச் சொன்னாள். அது அவர் பதினோரு கடிதம் எழுதிய பாட்டு.

அதற்குப் பின் ரேடியோவைத் தொடவில்லை. தலைக்குள்ளே கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். எத்தனை பாட்டு உள்ளே இருக்கிறது! முதல் இசையிலிருந்து கடைசித் தட்டுவரை ஒன்றுவிடாமல் ஓட்டத் தெரியும். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டினார். பல் அடுக்கிக்கொண்டே உள்ளே ஒரு நேயர் விருப்பம் நடத்துவார். ஆனால் வெளியே கேட்ட கோணல் உள்ளேயும் நுழைந்துவிட்டது. டீக்கடையில், பேருந்தில், பக்கத்துவீட்டில் என்று எங்காவது ஒரு வரி காதில் விழும். அன்று சாயங்காலம் அந்தப் பாட்டை உள்ளே எடுத்தால் அந்த வரி கோணலாகவே வரும். திருத்தப் பார்ப்பார், பழைய வரி எப்படி இருந்தது என்று தெரியாது. பாட்டுப் போட்டிருக்கிற டீக்கடைகளுக்குப் போவதை நிறுத்தினார். அப்படியும் ஒன்றொன்றாகக் கெட்டுக்கொண்டே வந்தன.

கண்டக்டர் போனை மட்டும் விடவில்லை. பாட்டைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிப் பேசுவார். இவர் அவர் மனம் நோகக்கூடாதென்று, "ம், அதுல அந்த வயலின் வரும்ல" என்று பழைய ஞாபகத்தில் எடுத்துக்கொடுப்பார். கருவி மாட்டியதும் காது சரியாகிவிட்டது என்று கண்டக்டர் நம்பத் தொடங்கினார். மனைவியும் நம்பினாள். ரேடியோ போடாததற்கு, "சத்தம் தலைவலிக்குது, அப்புறம் கேக்குறேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அவருடைய பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. பதினொன்றரைக்கே கண்டக்டர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பதினான்கு வருடத்தில் மூன்றாவது முறையோ நான்காவது முறையோ வருகிறார். டாக்டரம்மா அன்றைக்கு அரைநாள் லீவு கொடுத்திருந்தார். அது ஏனென்று இவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ரேடியோவைக் கூடத்து மேசைமேல் வைத்தாள்.

"என்னது?"

"உக்காருங்க."

அறிவிப்பாளர் அம்மா பேசினார். கருவியில் பேச்சு தெளிவாகவே கேட்டது. "ரொம்ப மாசமா நம்ம பல்செட் அண்ணன் லெட்டர் எழுதலையேன்னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டிருந்தோம். இன்னைக்கு அவரு வீட்டுலயிருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. எழுதினது அவரு இல்ல, அவரு மனைவி." படித்தார். 'எனக்குப் பாட்டு பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கேட்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவருகிறார். அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று, அதைப் போட்டால் நன்றாக இருக்கும்.'

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

பாட்டு வந்தது. அந்தப் பாட்டைத்தான் இவர் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அது ஒலிக்கிற இடத்தை எல்லாம் சுற்றிக்கொண்டு நடந்து, உள்ளே கெடாமல் மிச்சம் வைத்திருந்த நாலைந்தில் அது ஒன்று. எழுந்து வெளியே போய்விடலாம் என்று கால் சொன்னது. எதிரில் இரண்டு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தார். குரல் எது, வயலின் எது என்று தெரியாத அந்த இழுவைக்குள் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணினார். எட்டு, பதினாறு. இப்போது சரணம். இந்த இடத்தில்தான் தலை ஆட்டுவோம். ஆட்டினார். இந்த இடத்தில்தான் சிரிப்போம். சிரித்தார். நாலரை நிமிடம். பாட்டு முடிந்தபோது கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வயலின்! என்னமா எடுத்துட்டான் பாத்தீங்களா!"

"பின்னே" என்றார் இவர்.

சாப்பிட்டுவிட்டு, மூன்று தடவை விடைபெற்றுக்கொண்டு, கண்டக்டர் போனார். மனைவி பாத்திரங்களை எடுத்து வைத்தாள். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவே கேட்டுச்சா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். இருபத்தெட்டு வருடமாக அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவள். "தாளம் கேட்டுச்சு" என்றார்.

"தாளம் மட்டுமா?"

"ம்."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "ரெண்டு நாளு எழுதினேன் அந்த லெட்டரை. நாலு தாளைக் கிழிச்சேன். கண்டக்டரு அண்ணன்தான் தப்பெல்லாம் பாத்துக் குடுத்தாரு."

"நல்லா எழுதியிருந்தே."

"சொல்லியிருக்கலாம்ல எங்கிட்ட?"

"சொன்னா என்ன செய்வே?"

அவள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவர் அந்தப் பாட்டை உள்ளே ஒருதரம் எடுத்துப் பார்த்தார். எடுக்கும் முன்பே தெரியும். தகரம்தான் வந்தது.

திங்கட்கிழமை அறிவிப்பாளர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாட்டுக்கு நன்றி. இனிமேல் தன் பெயரைச் சொல்லிப் பாட்டு எதுவும் போட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம். மூன்று வரிதான். அந்த அம்மாவும் படிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பல்செட் அண்ணன் பெயர் ரேடியோவில் வரவில்லை. கண்டக்டரிடமும் ஒருநாள் உள்ளதைச் சொல்லிவிட்டார். கண்டக்டர் கெட்டிக்காரர், அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. வெயிலைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். பிள்ளைகள் மூன்று பேர் என்று அப்போதுதான் இவருக்குத் தெரிந்தது. முழங்கால் வலியைப் பற்றி எத்தனை நாள்தான் பேச முடியும்? தினமும் வந்த போன் வாரத்துக்கு இரண்டானது. ஒருநாள் மதியம் கடிகாரத்தைப் பார்த்தபோது மணி இரண்டு. பதினைந்து நாளாக ஒன்றரைக்குப் போன் வரவில்லை. தானும் பண்ணவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தது. பல் போகிறவர்களுக்குக் குறைவில்லை. மோட்டார் போடும்போது மெழுகு வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா ஞாபகப்படுத்துவார். இவரும் சரி என்பார். பாதி நாள் வைத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் டாக்டரம்மாவுக்கு ஏதோ வேலை வந்து மருத்துவமனையைச் சீக்கிரம் சாத்தினார்கள். நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியே பார்த்தால், மனைவி ரேடியோவை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, காதை அதன்மேல் ஒட்டியமாதிரிக் குனிந்து, காய் நறுக்குகிறாள். சத்தத்தை அவ்வளவு குறைத்து வைத்திருக்கிறாள். அவருக்கு அந்தக் கோணல்கூட எட்டவில்லை. என்ன பாட்டென்று தெரியவில்லை. அவள் உதடு மட்டும் வார்த்தைகளோடு கூடவே அசைந்துகொண்டிருந்தது. இவளுக்கு எப்போது வார்த்தைகள் தெரிந்தன?

உள்ளே போய், "கூட்டி வச்சுத்தான் கேளேன்" என்று சொல்லலாம். சொன்னால் அவள் பதறி நிறுத்துவாள். நிறுத்திவிட்டுக் குற்றம் செய்தவள்மாதிரி நிற்பாள். அப்புறம் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்கூடப் போடமாட்டாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு கிறீச்சிடாமல் பிடித்துச் சாத்திவிட்டு, படியிறங்கித் தெருவுக்கு வந்தார். ஆறு மணிக்குத்தான் அவர் வழக்கமாக வருகிற நேரம். இன்னும் இரண்டு மணி நேரம் எங்கே போவது என்று தெரியாமல், சும்மா நடந்தார்.